ட்ரூடிக்கு: பத்தும் நடு வட்டத்தில்

ட்ரூடி, சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நேற்றைய போட்டியில் நான் சுட்ட பத்துக் குண்டும் நடு வட்டத்தில்தான் பாய்ந்தன. ஆனால் முந்நூறு மீட்டர் தள்ளியிருந்த அந்த இலக்குப் பலகைதான் பக்கத்தில் படுத்துச் சுட்ட ரேட்டோவுடையது. பதக்கம் அவனுக்கு, பூஜ்யம் எனக்கு. "அடுத்த வருஷமும் என் பக்கத்துலயே படுங்க, பெரியவரே" என்றான்.

"எழுபத்தொரு வயசுல கத்துக்கிட்டு என்னத்தக் கிழிக்கப்போறீங்க? இந்த வாட்டியும் பதக்கம் இல்லேன்னா துப்பாக்கியக் கிளப்புலயே குடுத்துடுங்க" என்று போட்டிக்கு முன்பே சொல்லியிருந்தாய். வேறு வழி தெரியவில்லை. கொடுக்கக் கிளம்பிவிட்டேன்.

உருளைக்கிழங்கு ரோஸ்டி வாணலியில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு.

மதியம் ரேட்டோ முட்டை கொண்டுவருவான். அவனிடம் போட்டியைப் பற்றிக் கேட்காதே.

இன்னொன்று. துப்பாக்கியின் போல்ட், அதுதான் குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு, மூன்று நாளாகக் கரண்டி டிராயரிலேயே கிடக்கிறது. அது இல்லாமல் நேற்று ஒரு குண்டுகூடச் சுட்டிருக்க முடியாது.

வால்ட்டர்