கதவில் நசுங்காத விரல்

என் அன்பு மனைவிக்கு,

நலமாக இருக்கிறேன். எல்லாக் கடிதத்திலும் எழுதுவதுதான். இந்த முறை கையையும் காலையும் ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். சின்னவளுக்குப் பல் விழுந்துவிட்டதா, இன்னும் ஆட்டிக்கொண்டேதான் இருக்கிறாளா?

புதன்கிழமை இரண்டாம் மாடிக்குக் கான்கிரீட் போட வேண்டிய நாள். சாரம் கட்டியது எங்கள் குழு. காலையில் பார்த்தால், மழையில் மண் ஊறி, சாரத்தின் ஒரு கால் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. மேலே எட்டுப் பேர். வாசலில் கான்கிரீட் லாரிகள் உறுமிக்கொண்டு நிற்கின்றன.

இங்கே சேர்ந்த அன்றே எல்லோர் கழுத்திலும் ஒரு விசில் மாட்டி, யார் ஊதினாலும் வேலை நிற்கும் என்றார்கள். எத்தனை கம்பெனி பார்த்தவன் நான்! இதுவும் கண்துடைப்பு என்றுதான் நினைத்திருந்தேன். அன்று ஊதிவிட்டேன். ஊதிய கையோடு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று மனதுக்குள் துணிகூட மடித்துவிட்டேன்.

இன்ஜினியரம்மா வந்து சேற்றில் மண்டியிட்டுப் பார்த்தார். "எல்லாரும் மொதல்ல கீழ இறங்குங்க" என்றார், அவ்வளவுதான். கடைசி ஆள் இறங்கி டீ குடித்து முடிப்பதற்குள் சாரம் அந்தப் பக்கமாகவே சரிந்தது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. நான்தான் உட்கார்ந்து அழுதேன். சிரிக்காதே.

மாலையில் எங்களைக் கூட்டி, கால் இறங்கியதை வேறு யார் பார்த்தது என்று கேட்டார். நாலு கை எழுந்தது. ஏன் ஊதவில்லை என்று திட்டாமல்தான் கேட்டார். எழுந்த நாலு கையும் கீழே இறங்கியது. பதில் எனக்குத் தெரியும். அதை உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

என் விரல் கதவில் நசுங்கவில்லை, பழைய கம்பெனியில் வேலை செய்யும்போது நசுங்கியது. அங்கே வாசலில் 'விபத்து இல்லாத நாட்கள்' என்று பலகை உண்டே, அன்று அதில் முந்நூற்றுப் பதினொன்று. எண் கெடக்கூடாதென்று சூப்பர்வைசர் என்னைப் பின்வாசல் வழியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். "வீட்டுக் கதவுல மாட்டிக்கிச்சுன்னு சொல்லு, இல்லன்னா நாளைக்கு வராத" என்றார். டாக்டரிடம் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். நீ வீட்டு ஓனரோடு சண்டை போட்டுக் கதவையே மாற்ற வைத்தாய். பாவம் மனிதர், அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிடு. என்னை எப்போது மன்னிப்பாய் என்று நீதான் சொல்ல வேண்டும்.

உன் தம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறான். பலகையில் எண் எழுநூறைத் தாண்டிவிட்டது என்று போனில் பெருமையடித்தான். இங்கே ஆள் எடுக்கிறார்கள், உடனே கிளம்பச் சொல். முரண்டு பிடித்தால், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும்போது இரண்டு கையையும் நீட்டச் சொல்லிப் பார். கதவு என்று சொன்னால் நம்பாதே.

ஒன்பதரை விரலோடும் முழு நிம்மதியோடும்,
உன்னவன்