கீழ்க்கணக்குக்கு ஒரு பஸ்

மே 5, செவ்வாய்

காலையில் பனிமூட்டம், பிறகு சுள்ளென்று வெயில். காப்பட் ரோடு மேல்கணக்குச் சந்தி வரை வந்துவிட்டது. தார் மணம் ஆட்டோ சீட்டில்கூட ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேயிலை மேட்டை வெட்டி ரோட்டை அகலப்படுத்தியிருக்கிறார்கள். வெட்டிய மண் அப்படியே செங்குத்தாக நிற்கிறது. முதல் பெரிய மழைக்கு அது ரோட்டில்தான் கிடக்கும். சந்தியைச் சுற்றிப் புது வீடுகள், மாடி வைத்தவை. மலை பார்ப்பதற்கென்றே பெரிய கண்ணாடி போட்ட ஒரு வீடு. பதுளை டவுன் கொஞ்சம் கொஞ்சமாக இங்கே ஏறி வருகிறது.

சந்தியிலிருந்து எங்கள் லய வீடுகள் இருக்கும் கீழ்க்கணக்குக்கு இறங்கும் பாதையையும் அகலப்படுத்தப் போகிறார்களாம். பஸ்ஸும் விடுவார்களாம். எது வரை விடுவது என்று கேட்க அடுத்த வாரம் கூட்டம்.

ஸ்டாண்டில் நாள் முழுக்க இதே பேச்சு. என்னோடு ஆட்டோ போடும் நிசாம்: "மச்சான், பஸ் மட்டும் கீழ எறங்கிச்சு, நாம ரெண்டு பேரும் வண்டிக்குள்ள கோழி வளக்கலாம்."

வாங்க வேண்டியது: பிரேக் கேபிள், சவர்க்காரம், ஜெசிந்தாவுக்குச் சளி மருந்து. மருந்தை மறந்துவிட்டேன். பேச்சு வாங்கினேன்.

மே 7, வியாழன்

ஜெசிந்தாவுக்கு டவுனில் வேலை கிடைக்கும்போல. பஜார் வீதியில் ஒரு தையல் கடை. எனக்குச் சொல்லாமல் ஒரு சட்டை தைத்துக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். கட்டியவளுக்கு இவ்வளவு தைரியம் இருப்பது எனக்கே இன்றுதான் தெரியும். அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். எட்டு மணிக்குக் கடையில் இருக்க வேண்டும்.

நான் கொண்டுபோய் விட முடியாது. அந்த நேரம் ஸ்கூல் ஹயர், வாடகைக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் ஓட்டம், மடிமேல் மடியாக. எங்கள் அடுப்பு எரிவதே அந்த ஹயரால்தான். நடந்து சந்திக்கு ஏறினால் கடைக்குப் போகும்போது சேலை நனைந்திருக்கும், வெயில் நாளில் வேர்வை, மழை நாளில் மழை. அட்டைக்கடி வேறு.

"பஸ் வந்துச்சுன்னா கொழுந்துக் கூடைய எறக்கி வச்சிருவேன்," என்றாள். சோற்றைப் போட்டுக்கொண்டே, சாதாரணமாக.

பஸ் வந்தால் ஸ்கூல் பிள்ளைகளும் அதில்தான் போவார்கள். அது அவளுக்கும் தெரியும். சொல்லவில்லை.

மே 13, புதன்

கூட்டம். கொழுந்து எடை போட்ட பிறகு, குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில். தூங்கிக்கொண்டிருந்த இரண்டு குழந்தைகளைத் தொட்டிலோடு ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்தோம். டவுன் ஆபிஸிலிருந்து சிங்கள ஐயா ஒருவர் வந்திருந்தார், தன்மையான ஆள், கையில் பெரிய வரைபடம். மொழிபெயர்க்க ஒரு இளம்பெண், மட்டக்களப்புப் பக்கம். பஸ் எப்படி வேண்டும், சொல்லுங்கள் என்றார்கள்.

பக்கத்து வீட்டுப் புஷ்பம் அக்கா எழுந்தாள். வீட்டிலேயே சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருப்பாள். "ஐயா, கீக்கணக்குல பஸ் வந்தா போதுங்க. மேக்கணக்குல வந்து எங்களுக்குப் பிரயோசனம் இல்லைங்க."

அந்தப் பெண் சிங்களத்தில் சொன்னது: குறைந்த எண்ணிக்கையில் பஸ் விட்டால் போதுமாம், கூடுதலாக விட்டுப் பயனில்லையாம்.

தோட்டத்தில் கணக்கு என்றால் பிரிவு. ஓர் இடம். மேலே இருப்பது மேல்கணக்கு, கீழே இருப்பது கீழ்க்கணக்கு. வெளியூர்க்காரருக்குக் கணக்கு என்றால் எண்ணிக்கை. அவள் மேல் பிழையில்லை.

ஐயாவுக்கே ஆச்சரியம். இன்னொரு தடவை கேட்டுப்பார் என்றார். அந்தப் பெண் திரும்பி, "அப்ப கீழ்க்கணக்கே காணும், என்ன?" என்றாள்.

காணும் என்றால் அவர்கள் ஊரில் போதும் என்று பொருள். பின்னாலிருந்து ஒருவர், "கீக்கணக்கக் காணோமா? ராத்திரிகூட அங்கதானேம்மா படுத்தேன்." ஒரே சிரிப்பு. ஒரு குழந்தை விழித்துக்கொண்டது. பிறகு போதும் என்பதைப் புரிந்துகொண்டு எல்லோரும் ஒரே குரலில் ஆமாங்க, ஆமாங்க. ஐயா எழுதிக்கொண்டார்.

மற்றவர்களுக்குக் கடைச் சிங்களம் வரும், ஆபிஸ் சிங்களம் வராது. முழுதும் விளங்கியது எனக்கும் நிசாமுக்கும்தான். நிசாம் என் காலை மிதித்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

சந்தோஷமாக இருந்தது. இதை வேறு யார் படிக்கப் போகிறார்கள், எழுதி வைக்கிறேன்.

மே 16, சனி

பின்னேரம் இடியோடு மழை. மாதா மாதம், வீட்டுக்கு வீடு செபமாலை. இன்று எங்கள் வீட்டில். கடைசியில் பஸ்ஸுக்காக ஒரு அருள்நிறைந்த மரியே கூடுதலாகச் சொல்ல வேண்டும் என்றாள் புஷ்பம் அக்கா. சொன்னோம். நானும் சொன்னேன். மாதா என்ன நினைத்தாளோ.

ஜெ. பழைய திரைச்சீலையில் ஒரு பை தைத்திருக்கிறாள், கடைக்குச் சோறு கொண்டுபோக. ஜிப் எல்லாம் வைத்து. கெட்டிக்காரி.

பின் டயர் தேய்ந்துவிட்டது. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. வாய்வாக இருக்கலாம்.

மே 21, வியாழன்

சந்தியில் பஸ் தரிப்பிடத்துக்கு அளந்து கோடு போட்டுவிட்டார்கள். பஸ் அங்கேயே திரும்பும். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. தேவை குறைவு என்பதால், தொடங்கியிருந்த கீழ்ப் பாதை வேலையும் நின்றது.

எல்லோருக்கும் கோபம். "நாங்க என்னத்தச் சொன்னோம், இவனுங்க என்னத்தச் செய்றானுங்க," புஷ்பம் அக்கா. அரசாங்கம், தோட்டம், கட்சி, எல்லோரையும் ஏசினார்கள். ஏசாமல் விட்டது என்னை மட்டும்தான். நிசாம் பிளேன்டீயும் வடையும் வாங்கித் தந்தான். தின்றேன்.

வீட்டுக்கு வந்தால் ஜெ. தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"நீங்க கூட்டத்துல இருந்தீங்கதானே. அந்தப் புள்ள சிங்களத்துல என்னா சொல்லிச்சு?"

பொய் வாய் வரைக்கும் வந்தது. பிறகு எப்படியோ உள்ளதைச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

துருவுவதை நிறுத்தவில்லை. "அன்னிக்கே வெளங்குச்சா ஒங்களுக்கு?"

"ம்."

"நாளைக்கு ஸ்கூல் ஹயர் முடிஞ்சதும் நேரா வாங்க. ஆபிசுக்குப் போகணும்."

கத்தியிருந்தால் நானும் கத்திச் சமாளித்திருப்பேன். கத்தவில்லை. இவளிடம் இது ஒரு கஷ்டம்.

மே 22, வெள்ளி

நல்ல வெயில். ஜெ. கொழுந்து பறிக்க அரைநாளுக்கு மட்டும் பெயர் போட்டுவிட்டு வந்தாள். டவுனில் வாகன நெரிசல், ஆபிஸ் வாசலில் நிறுத்த இடமில்லை.

அதே பெண் இருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முகம் செத்துப்போனது. "ஐயோ அண்ணன், எங்கட பக்கம் கணக்கெண்டா கணக்குத்தான். ஒரு இடத்துக்கு இப்பிடிப் பேர் இருக்கெண்டு எனக்குத் தெரியாதே." ஐயாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். நானே சிங்களத்தில் விளக்கினேன். வரைபடத்தை விரித்து எங்கே என்று காட்டச் சொன்னார். லயங்கள் அதில் இருந்தன, பெயர்தான் இல்லை. விரல் வைத்துக் காட்டினேன்.

இன்னும் எதுவும் முடிவாகவில்லை, பிழை தங்கள் பக்கம் என்றார். மேலிடத்தோடு அங்கேயே போனில் பேசினார். பஸ் கீழ்க்கணக்கு வரை வரும், பாதை வேலையை அடுத்த வாரமே திரும்பத் தொடங்குவார்கள். அவ்வளவுதான். கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை.

கிளம்பும்போது, நல்ல சிங்களம் பேசுகிறீர்களே, என்ன தொழில் என்று கேட்டார். ஆட்டோ என்றேன். எழுந்து வந்து தோளில் தட்டினார். தன் பிழைப்பைப் பார்க்காமல் ஊருக்காக வந்திருக்கிறாரே என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். அவள் அதை அழகாகத் தமிழில் ஜெ.வுக்குச் சொன்னாள். இந்தத் தடவை ஒரு சொல் பிழையில்லை.

ஜெ. எப்போதும் பின் சீட்டின் ஓரத்தில், என் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவாள். இன்று நடுவில். ஸ்கூல் ஹயர் போய்விடும், இனி எல்ல ஊர்ப் பக்கம் போய்ச் சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்களை ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று நான்தான் வழி முழுக்கப் பேசினேன்.

லயத்துக்கு முன்னால் நிறுத்தினேன். இறங்கினாள். சேலையைச் சரிசெய்தாள். மணிபர்ஸைத் திறந்தாள்.

"ஹயர் எவ்வளவுங்க?"