அண்ணா, மூலையில் உட்கார்ந்து ஜெயித்தோம்

பிடிவாதத்துக்குப் பேர்போன என் அண்ணாவுக்கு,

ஜெயித்துவிட்டோம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. நீ எழுதிய சதுரங்க ப்ரோக்ராம் நேற்று திருவனந்தபுரத்துப் போட்டியில் கோப்பை வாங்கியது. கோப்பை இப்போது ஸ்ரீவராகத்து வீட்டில், உன் கம்ப்யூட்டர் மேலேயே இருக்கிறது. அம்மா அதற்குக் குங்குமம் வைத்துவிட்டாள்.

நம் சண்டை ஞாபகம் இருக்கிறதா? எந்த நிலை நல்லது, எது கெட்டது என்று ப்ரோக்ராமுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுப்போம் என்பேன் நான். நீ கேட்கவே மாட்டாய். "அதொண்ணும் வேண்டாம், கேட்டியா? நீ சொல்லிக்குடுக்கறதையெல்லாம் ஒவ்வொரு நிலைலயும் யோசிச்சிண்டிருந்தா வேகம் போயிடும். இன்னும் ரெண்டு நகர்த்தல் தள்ளிப் பாத்தா அதுவே கண்டுபிடிச்சுக்கும்" என்பாய். எவ்வளவு தேடினாலும் கிடைக்காதவையும் உண்டு என்று நான் கத்துவேன். உன்னை ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் நீ கண்ணை மூடிவிட்டாய். இது என்ன நியாயம்?

நீ போன பிறகு ஒரே ஒரு விஷயத்தைச் சேர்த்தேன். எதிராளியிடம் ராஜாவோடு ஒரு பிஷப்பும், பலகையின் ஓரத்துச் சிப்பாய் ஒன்றும்தான் மிச்சம் என்று வைத்துக்கொள். சிப்பாய் ராணியாக வேண்டிய மூலை கறுப்புக் கட்டம். பிஷப்போ வெள்ளைக் கட்டங்களிலேயே ஓடுவது. அந்த மூலையில் நம் ராஜா போய் உட்கார்ந்துவிட்டால் யாராலும் கிளப்ப முடியாது, ஆட்டம் சமன். இவ்வளவுதான். ஆனாலும் பயமாக இருந்தது. தோற்றால், அண்ணனின் ப்ரோக்ராமைத் தங்கை கெடுத்துவிட்டாள் என்றுதானே ஆகும்?

கடைசி ஆட்டம், சாலை பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சியோடு. அவருடைய புது மெஷின் நம்முடையதைவிட வெகு ஆழம் தேடும். சமன் செய்தால் கோப்பை நமக்கு, தோற்றால் அவருக்கு. ஒரு கட்டத்தில் நம் ப்ரோக்ராம் தன் கடைசிக் குதிரையை ஒரு சிப்பாய்க்காகத் தூக்கிக் கொடுத்தது. நமக்கு ராஜா மட்டும் மிச்சம். அவருக்கு நான் சொன்ன அதே வெள்ளைக் கட்டத்துப் பிஷப்பும் ஓரத்துச் சிப்பாயும்.

"என்ன தாயி, குதிரையைச் சும்மா தாரே? என் பெட்டி ஜெயிச்சாச்சுங்கு, உன் பெட்டி பூச்சியம், சமம்னு காட்டுது. கெட்டுப்போச்சா?" என்று அண்ணாச்சி சிரித்தார்.

"செத்த பொறுங்கோ அண்ணாச்சி" என்றேன்.

ராஜா மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. அண்ணாச்சியின் மெஷின் தேடியது, தேடியது, ஜெயிப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது; பிஷப் அங்குமிங்கும் அலைந்ததுதான் மிச்சம். நடுவர் சமன் என்றதும் நான் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தேன். அண்ணாச்சி தலையைச் சொறிந்துகொண்டு, "அம்புட்டுத் தூரம் பாத்தும் பக்கத்துல இருக்க மூலை தெரியலையே" என்றார். பிறகு டீக்கடையில் எனக்குச் சூடாகப் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார்.

உன்னைக் கேலி செய்து நாலு பக்கம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்கு முன் ஆட்டத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். மூலை பத்திரமான இடம் என்று மட்டும்தான் நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். குதிரையைக் கொடுத்தால் ராஜா சரியான நேரத்துக்கு அங்கே போய்விடும் என்று அத்தனை நகர்த்தல் தள்ளிப் பார்த்தது உன் தேடல். அது இல்லாவிட்டால் என் ராஜா வழியிலேயே மாட்டியிருக்கும். அழுதேன் அண்ணா, சந்தோஷமாகத்தான்.

வாக்கு ஒன்று தருகிறேன். இனி நான் எதைச் சேர்த்தாலும், நீ விட்டுப்போன பழைய ப்ரோக்ராமோடு முதலில் ஆடவிடுவேன். நீ ஜெயித்தால் நான் எழுதியதை அழித்துவிடுவேன். ஆனால் நீ இல்லையே என்று இரக்கப்பட்டு ஒரு சிப்பாயைக்கூட விட்டுத்தர மாட்டேன், சொல்லிவிட்டேன்.

இன்னும் உன்னோடு சண்டை தீராத தங்கை,
மீனா