பொறைவேளாரின் முதுகு வளைந்த செய்தி

சீர் பெருகுக. தண்கரை நாடாளும் வெண்குடை வேந்தர், மலையரண் மூன்று கொண்டவர், சினத்திலும் முறை தவறாத கோச்சேந்தர் திருவாய் மலர்ந்தருள, அமைச்சன் நன்னாகன் எழுதும் ஓலை. பொறைநாட்டு அரசி நறுவீ தேவியார் காண்க. தேவியாரின் சுனைகள் வற்றாதிருக்க. தினைப்புனங்கள் குறைவின்றி விளைக.

போரில் தோற்று எம் அவைக்கு வந்த தேவியாரின் கணவர் பொறைவேளாரை, அடிபணியுமாறு வேந்தர் பணித்தார். பழைய வேல்காயத்தால் தம் முதுகு வளையாது என்றும், வளையுமானால் பணிந்திருப்பேன் என்றும் வேளார் நிமிர்ந்து நின்றே விடை சொன்னார். நோயாளியை வருத்துவது முறையன்று, குணமாகும்வரை அரண்மனை விருந்தினராக இருக்கட்டும் என்று வேந்தர் கனிவோடு மொழிந்தார். பிணையாக உடன்வந்த மகள் வேய்மொழியைப் பற்றி வேளார் அன்று ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்பதும் பணிவதும் ஒன்றென எண்ணினார் போலும்.

மறுநாள் முதல் காலைதோறும் ஆசான் வடுகநம்பி அவருக்கு ஆசனம் பயிற்றினார். மெல்லிய பயிற்சிதான். பாயில் மண்டியிட்டு, குதிகால்மேல் அமர்ந்து, மூச்சை விட்டபடியே இரு கைகளையும் முன்னே நீட்ட வேண்டும். தோள்கள் தளர்ந்து, முதுகெலும்பு நீண்டு, நெற்றி தரையைத் தொடும். வேளாரோ தரைக்கு இரண்டு சாண் இருக்கும்போதே முனகி நின்றுவிடுவார். வலித்தால் விட்டுவிடலாம், நாளை பார்க்கலாம் என்று ஆசான் முதுகை நீவிவிடுவார்.

அந்த முதுகில் வடு உண்டு, பிடிப்பு இல்லை, இளமூங்கிலைப் போல வளைகிறது என்று ஆசான் முதல் நாளே வந்து சொல்லிவிட்டார். அறிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்றார் வேந்தர். பயிற்சிக்கூடத்துத் திரைக்குப் பின்னே மகளை உட்கார வைக்கவும் ஆணையிட்டார். தந்தை வணங்கும் நாளில் இருவரும் வீடு திரும்பலாம் என்றும், அதுவரை அவள் வாய் திறந்து பேசினால் தந்தையின் உயிர் தங்காது என்றும் அவளுக்குச் சொல்லப்பட்டது. வேளாருக்குச் சொல்லப்படவில்லை. மகளைப் பற்றி அவராகக் கேட்டால் சொல்லலாம் என்பதே ஆணை.

ஐந்து மாதம் அவர் கேட்கவில்லை. ஐந்து மாதமும் அந்தப் பெண், தந்தை இரண்டு சாண் உயரத்தில் நின்றுவிடுவதைத் திரையின் இழை வழியே பார்த்திருந்தாள். முதலில் அழுதாள். பின்பு அழுவதை நிறுத்தினாள். சென்ற வாரம் முதல், அவர் முனகும்போதெல்லாம் ஓசையின்றிச் சிரித்தாள்.

இன்று காலை அந்தச் சிரிப்பு திரையைத் தாண்டிக் கேட்டுவிட்டது. அது யார் குரல் என்று வேளார் அறிந்த நொடியில், அவர் நெற்றி தரையில் மோதியது. சிரிப்பு பேச்சாகாது என்று வேந்தர் பொறுத்தருளினார்.

ஆகவே ஆணையாவது: தேவியார் இரண்டு பல்லக்குகள் அனுப்புக. ஒன்று போதுமே என்று எண்ண வேண்டாம். தந்தையோடு ஒரே பல்லக்கில் ஏறமாட்டேன் என்பது மகளாரின் விருப்பம். யானை இலச்சினை இட்டோம். இதற்கு மறுமொழி வேண்டுவதில்லை.

நெற்றியை எடுக்காமலே வேளார் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் ஓலையில் சேர்க்கச் சொன்னார் வேந்தர்:

“ஐயா, எத்தனை முறை வேண்டுமானாலும் விழுகிறேன். என் குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.”