முள் ஏறாத வண்டி

அன்பு மகள் நாகஜோதிக்கு,

மல்லாங்கிணற்றிலிருந்து அம்மா எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளையும் உன் மாமியாரும் நம் சின்னக்குட்டியும் சுகம் என்று நேற்றுத்தான் போனில் கேட்டேன், ஆனாலும் எழுத்திலும் ஒரு தடவை கேட்டு வைக்கிறேன். தினமும் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிக்காதே. போனில் பேசும்போதெல்லாம் உன் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவர் பண்ணிய கூத்தை அவரை வைத்துக்கொண்டே எப்படிச் சொல்வது? அதனால்தான் இந்தப் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன். பூண்டும் கருப்பட்டியும் உனக்கு, வசம்பு பிள்ளைக்கு. அப்பாவின் பழைய வேட்டி இரண்டைத் துவைத்துக் காயவைத்துக் கிழித்து வைத்திருக்கிறேன், புதுத்துணி பிள்ளை உடம்பை உறுத்தும்.

தை பிறந்ததும் உன்னைப் பிரசவத்துக்கு அழைத்துவர டிக்கெட் எடுத்து வைத்திருந்தோம், உன் மகளுக்குத்தான் அம்புட்டு அவசரம், எட்டாம் மாசமே அந்த இமாச்சல் பனிக்குள் வந்து விழுந்துவிட்டாள். இரண்டு கிலோகூட இல்லாத பிள்ளையை ஆஸ்பத்திரியில் வைத்துத் தேற்றிக் கொடுத்த டாக்டரம்மா, வீட்டுக்குப் போகும் வழியில் துளி குளிர் படக்கூடாது என்று சொன்னதாக நீ சொன்னாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளை வேலை பார்க்கும் அணைக்கட்டுக் குவார்ட்டர்ஸ் மலைமேல், பனி விழுந்தால் டாக்ஸிக்காரன் ஏற மாட்டான், இருக்கிற ஒரே வண்டி நாம் கொடுத்த பழைய வெள்ளைக் கார், அதில் ஹீட்டரைப் போட்டால் வருவது சில்லென்ற காற்று. அங்கே மெக்கானிக் ஹீட்டர் பைப்புக்குள் ஏர் நிற்கிறது என்று அதை எடுத்துவிட்டாராம். நம் கிணற்று மோட்டாரிலும் ஏர் பிடித்தால் தண்ணீர் தள்ளாதே, அது மாதிரிதான் போலிருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன். அதன்பிறகு கொஞ்சம் வெதுவெதுப்பு வந்தது, மலை இறக்கத்தில் அதுவும் போய்விட்டது. ஹீட்டருக்குள் அடைப்பு இருக்கும், முன்பக்கம் முழுக்கப் பிரிக்க வேண்டும், வண்டி ஒரு வாரம் கிடைக்காது என்று அவர் சொன்ன அன்று நான் உன்னிடம் தைரியமாகப் பேசிவிட்டு, போனை வைத்ததும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். இப்போது சொல்லலாம், அதனால் சொல்கிறேன்.

உன் அப்பா அழவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கில் ஆனைக்குட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். அங்கே பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருக்கும் முனியராஜ் அண்ணனிடம் அதே மாடல் கார் இருக்கிறதல்லவா, நல்ல வண்டியில் ஹீட்டர் எப்படி அடிக்கிறது என்று பார்த்துச் சொன்னால் மாப்பிள்ளைக்கு ஒத்துப்பார்க்க வசதியாக இருக்கும் என்று யோசனை. கம்பெனிக்குள் வண்டியை ஸ்டார்ட் போட விடுவார்களா, கேட்டுக்கு வெளியே தள்ளி, ஒரு மரம்கூட இல்லாத பொட்டலில் நிறுத்தி, உச்சி வெயிலில் நாலு கண்ணாடியையும் ஏற்றிவிட்டு ஹீட்டரை முழுசாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் உன் அப்பா. லோடு ஏற்ற வந்த வேன்காரர்கள் பதறிப்போய்க் கண்ணாடியைத் தட்டி, "அண்ணாச்சி, ஏசி ஓடலையா, கதவைத் தொறங்க, மயக்கம் கியக்கம் போட்டுறப் போறீக" என்றார்களாம். இவர் "ஏசி இல்லைய்யா, ஹீட்டரு பாக்கேன்" என்றதும் அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு முனியராஜ் அண்ணனைக் கூட்டிவர ஓடியிருக்கிறார்கள். சூடு பட்டுவிடுமோ என்று பயந்து பயந்து பிழைப்பு நடத்துகிற ஊரில், சூடு போதுமா என்று பார்க்க ஒரு மனுஷர் வந்தால் அவர்கள் வேறு என்னதான் நினைப்பார்கள்.

அந்த வேர்வையோடுதான் மாப்பிள்ளைக்கு வீடியோ போட்டிருக்கிறார். முனியராஜ் அண்ணன் வண்டியில் சூடு காட்டும் முள் கொஞ்ச நேரத்தில் பாதிக்கு ஏறி நின்றது, ஹீட்டருக்குப் போகிற பைப் இரண்டும் கைவைக்க முடியாத சூடு. மாப்பிள்ளை அங்கே தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்க ரெண்டு பைப்பும் ஒண்ணு போல வெதுவெதுப்புதான் மாமா, அடைப்புன்னா ஒண்ணு சூடா ஒண்ணு சில்லுன்னுல்ல இருக்கணும். முள்ளு கீழயே கெடக்கு, ஏறவே மாட்டேங்குது" என்றாராம். அவ்வளவுதான், உன் அப்பாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனி மாசம் வண்டி மதுரை ரோட்டில் கொதித்து நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது நம் ஊர் மெக்கானிக் காளிராஜ் தன் ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டரைக் கழுவி, தண்ணீர் பம்ப்பை மாற்றிவிட்டு, தெர்மோஸ்டாட் வால்வு என்று ஒன்றைக் கழற்றி வீசியிருக்கிறான். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் பிடித்து வைக்கிற சின்ன மூடியாம் அது. அது இல்லாவிட்டால் பனியில் எஞ்சின் தண்ணீர் சூடேறவே ஏறாதாம், அந்தச் சூட்டில்தானே ஹீட்டரும் ஓடுகிறது. "நம்மூரு வெயிலுக்கு இது எதுக்கு அண்ணாச்சி, இனி முள்ளு ஏறவே ஏறாது" என்று அவன் சொல்ல, இவரும் சரியென்று தலையாட்டிவிட்டு, அதையே பெருமையாக மாப்பிள்ளையிடம் சொல்லித்தானே சாவியைக் கொடுத்தார். முள் ஏறாத வண்டியைச் சீர் கொடுத்த மாதிரி கொடுத்து, பனிமலைக்கு அனுப்பி வைத்திருக்கிறோம்!

வீட்டுக்கு வந்தவர் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, சாப்பிட மாட்டேன் என்று படுத்துக்கொண்டார். நான் பேச வேண்டியதை எல்லாம் பேசினேன், அதை இங்கே எழுத வேண்டாம். மறுநாள் அங்கே புது வால்வு வாங்கிப் போட்டு, முள் பாதிக்கு ஏறி, ஹீட்டர் நன்றாக அடிக்கிறது என்று மாப்பிள்ளை சொன்ன பிறகுதான் கஞ்சி குடித்தார். இருந்தாலும் நீங்கள் பிள்ளையோடு ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பியதிலிருந்து மலைமேல் வீடு சேரும்வரை நானும் அவரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மற்றபடி இங்கே மக்காச்சோளம் அறுத்தாயிற்று, விளைச்சல் பரவாயில்லை. உன் அத்தை செல்வலட்சுமி, பிள்ளைக்கு யார் ஜாடை என்று தினமும் கேட்கிறாள், நம் ஜாடைதான் என்று சொல்லி வைத்திருக்கிறேன், மாமியாரிடம் சொல்லிவிடாதே. நீ தலைக்கு ஊற்றினால் நன்றாகத் துவட்டு, பச்சைத் தண்ணீரில் கைவைக்காதே. பிள்ளையைப் போர்த்தி வைத்தால் மூக்குக்கு வழி விடு. வண்டிக்குள் ஹீட்டர் ஓடும்போது ஒரு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைக்கச் சொல். கூலன்ட் தண்ணீரை மாப்பிள்ளை அடிக்கடி பார்க்கட்டும், எஞ்சின் ஆறிய பிறகு மட்டும் மூடியைத் திறக்கட்டும்.

நான் எழுத உட்கார்ந்ததே இதற்குத்தான். வீடு சேர்ந்ததும் நீ ஒரு வரி அனுப்பினாயே, வழியில் பாப்பாவுக்குக் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது, ஹீட்டரைக் குறைத்து வைத்தோம் என்று. அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசி என்றார். வாசித்தேன். துண்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். அங்கேயிருந்து போனில் காளிராஜைக் கூப்பிட்டு, திட்டப்போகிறார் என்று நான் பார்த்தால், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஏலே காளிராசு, எம் பேத்திக்கு வேர்த்திருச்சுலே" என்கிறார். வேர்த்துப் புழுங்கியே பிழைக்கிற நம் ஊரில், ஒரு பிள்ளைக்கு வேர்த்ததற்காக அழுத ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன், ஜோதி.

பிள்ளையும் நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நிறைவாய் இருக்க வேண்டும். சித்திரையில் இங்கே வரும்போது வண்டியிலேயே வந்தால், காளிராஜ் கண்ணில் மட்டும் அதைக் காட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா
முத்துமாரியம்மாள்