ஜிம்மில் போட்ட ஊசி

மஸ்கட்,
சனிக்கிழமை

அன்புள்ள சுபஸ்ரீக்கு,

நான் சுகம். நீயும் அம்மாவும் நைனாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? போனில் சொல்ல வாய் வராததை, ஊருக்கு வரும் ஸ்டீபனிடம் எழுதிக் கொடுத்தனுப்புகிறேன்.

குழந்தைக்காக நீ எடுத்த டெஸ்ட் எல்லாம் நன்றாகவே இருந்ததால், போன வாரம் நானும் எடுத்தேன். குறை என்னிடம்தான். பயப்படாதே, சிரிக்கிற விஷயம்தான். உடம்பு ஏறட்டும் என்று ஜிம்மில் ஊசி போட்டு வந்தேன். அது ஆண் ஹார்மோனாம். ஆணோ பெண்ணோ, மூளைக்கு அடியில் இருக்கும் ஒரு சுரப்பிதான் ஹார்மோன் அனுப்பி உன் கருமுட்டையையும் என் விந்தணுவையும் வளர்க்கிறதாம். ஊசி வழியாக ஹார்மோன் வெளியிலிருந்து வந்து குவிந்ததும், என் சுரப்பி வேலையை நிறுத்திவிட்டது.

"வெளியூர் மீனு லாரி லாரியா வந்து எறங்கினா, எங்க குப்பத்துல எவன் சார் போட்டைத் தள்ளுவான்?" என்றேன். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். ஊசியை விட்டால் ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் சரியாகிவிடுமாம். விட்டுவிட்டேன்.

ஸ்டீபன் திரும்பும்போது நெத்திலிக் கருவாடும், நீ கட்டிப் பழசான புடவை ஒன்றும் கொடுத்தனுப்பு. போர்த்திக்கொள்ளத்தான்.

வேன் வந்துவிட்டது. இரண்டு வருடமாக அம்மா உனக்குக் காய்ச்சித் தரும் கசாயத்தை இனி நீ குடிக்காதே. புடவை வரியை விட்டுவிட்டு, மீதியை அம்மாவுக்குப் படித்துக் காட்டு. கசாயம் மிச்சம் இருந்தால் எனக்கு அனுப்பச் சொல்.

உன்
தேவேந்திரன்