மலைக்காரரின் கைராசி

பிப்ரவரி 6

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். ஒன்றரை மாதமாக ஒரு வரி எழுதவில்லையே நீ. இந்த மலையில் போன் எடுக்காது, வாரம் ஒரு தடவை ஜீப்போடுதான் தபால் வரும் என்று தெரிந்தும் என்னைக் காயப்போடுகிறாய். ஜீப் சத்தம் கேட்டு நான் ஓடுவதைப் பார்த்துச் சமையல்காரர், "காய்கறி இறக்கத்தானே சார் ஓடி வர்றீங்க?" என்று கிண்டல் செய்கிறார்.

பாறையில் நாங்கள் போடும் எட்டாவது துளை முந்நூறு மீட்டரைத் தாண்டிவிட்டது. நீ கேட்காவிட்டாலும் சொல்வேன். எங்களுக்கு முன்பே இந்த மலைக்கு இரண்டு கூட்டம் வந்திருக்கிறது. முதலில் வந்தவர்கள் யாரென்றே தெரியாது. பச்சை பூத்த கல்லைப் பார்த்துச் செம்புக்காக அவர்கள் தோண்டிய ஆளுயரக் குழிகள் மட்டும் கிடக்கின்றன. நாற்பது வருஷத்துக்கு முன் ஒரு கம்பெனி நாலு துளை போட்டு, செம்பு உண்டு, கட்டுப்படியாகாது என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டது. இது ஒரு காலத்தில் எரிமலையின் அடித்தொண்டை. கொதிநீர் விரிசல்களில் ஏறி, ஆறும்போது வெள்ளைக் கல்லையும் செம்பையும் விட்டுப் போயிருக்கிறது. அந்த மாதிரி இடத்தில் தங்கமும் இருக்கலாம். அவர்கள் தேடவில்லை. நான் தேடினேன், கிடைத்தது. டன்னுக்கு ஒரு கிராம். உனக்குச் சிரிப்பு வரும், ஆனால் செம்போடு சேர்ந்தால் சுரங்கமே திறக்கலாம்.

இயந்திரம் எடுத்துத் தரும் கல் உருளையை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைப் பெட்டியில் வைத்துவிடுவோம். மறுபாதியை இடித்துப் பொடியாக்கி, நானே கையால் பிசைந்து கலந்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறேன். இன்னொருவரை நம்பி விடுவதில்லை. போன தடவை நான் வீட்டுக்கு வந்திருந்தபோது மற்றவர்கள் செய்த இரண்டு துளையிலும் தங்கம் மருந்துக்குக்கூட இல்லை. அதிலிருந்து விடுப்பு என்று வாயெடுத்தாலே மேலாளர், "உங்க கைராசிய விட்டுட்டு நாங்க என்ன பண்றது?" என்கிறார்.

உன் தம்பி அனுப்பிய படம் கிடைத்தது. நீ வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு முன்னால் நிற்கிறாய். இளைத்துவிட்டாய். விரலில் கல்யாண மோதிரம் இல்லை. நான் நாலு வருஷமாக ஒரு நாள்கூடக் கழற்றியதில்லை, குளிக்கும்போதும் சரி, கல் உடைக்கும்போதும் சரி. குத்திக்காட்டவில்லை. சும்மா சொன்னேன்.

உன்
மலைக்காரன்

*

பிப்ரவரி 20

மலைக்காரருக்கு,

படத்தில் நான் இளைத்தது தெரிந்தது, மோதிரம் இல்லாதது தெரிந்தது. எனக்குப் பின்னால் கதவில் "கடை இடம் மாறுகிறது" என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது மட்டும் தெரியவில்லையா? நானே வந்து கண் பரிசோதனை செய்கிறேன், இருங்கள்.

முதலாளி வேறு ஊரில் பெரிய கடை எடுத்திருக்கிறார். லென்ஸ் தேய்க்கும் பிரிவு முழுவதையும் என்னிடம் தருகிறார். ஏப்ரல் முப்பதோடு இந்த வீட்டைக் காலி செய்கிறேன். உங்களிடம் கேட்டுச் செய்ய வேண்டும் என்றுதான் நினைத்தேன். கேட்க ஆள் எங்கே இருக்கிறது? நீங்கள் வந்து இரண்டரை வருஷம் ஆகிறது. சாப்பாட்டு மேசையில் உங்கள் நாற்காலியில் துவைத்த துணிதான் உட்கார்ந்திருக்கிறது. அதோடுதான் பேசுகிறேன். பரவாயில்லை, குறுக்கே பேசுவதில்லை.

மோதிரத்துக்கு வருவோம். தேய்க்கும் அறை வாசலில் ஒரு கிண்ணம் உண்டு. உள்ளே போகிறவர்கள் மோதிரத்தை அதில் கழற்றிப் போட வேண்டும். உரசினால் கண்ணாடியில் கீறல் விழும், பொன்னும் தேயும். கீழே உட்கார்ந்து குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லிவிட்டேன். உங்கள் வேலையில் அப்படி ஒரு விதி கிடையாதா?

வந்து சாமான் கட்ட உதவுங்கள். அல்லது வரமுடியாது என்றாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
கண்ணாடிக்காரி

*

மார்ச் 5

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

அவசரமாக எழுதுகிறேன், ஜீப் கிளம்பப்போகிறது. பீரோவில் துணிக்கு அடியில் நம் மோதிரங்களின் ரசீது இருக்கும். என்னுடையது வாங்கும்போது எத்தனை கிராம் என்று பார்த்து எழுது. ஏன் என்று இப்போது கேட்காதே. கல் விஷயமாக ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்.

உன்
மலைக்காரன்

*

மார்ச் 14

மலைக்காரருக்கு,

நான் ஊர் மாறுகிறேன் என்று எழுதினேன். நீங்கள் மோதிரம் எத்தனை கிராம் என்று கேட்கிறீர்கள். உங்களைக் கட்டிக்கொண்டதற்கு எனக்கு இது வேண்டும்.

ஐந்து கிராம். ரசீது மஞ்சளாகியிருக்கிறது, எழுத்து தெளிவாக இருக்கிறது. அன்றைக்குக் கடைக்காரரிடம், "கல்லு உடைக்கிற கை, கொஞ்சம் கெட்டியாவே குடுங்க" என்று நான்தான் சொன்னேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது.

பாத்திரங்களைக் கட்டிவிட்டேன். உங்கள் புத்தகங்களை என்ன செய்ய?

இப்படிக்கு,
கண்ணாடிக்காரி

*

ஏப்ரல் 4

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

ஞாபகம் இருக்கிறது. நீ கெட்டியாகக் கேட்டு வாங்கியதுதான் இத்தனை வருஷம் தாங்கியது.

உன் கிண்ணத்தைப் பற்றிப் படித்ததும் என் விரலைத்தான் பார்த்தேன். எங்கள் வேலையிலும் அந்த விதி உண்டு. படிக்கும் காலத்தில் முதல் வாரமே சொல்லித்தருவார்கள்: கல் பொடியைத் தொடுகிற கையில் நகை கூடாது. மோதிரத்தைக் கழற்றமாட்டேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு வந்தேனே, அதனால் அந்த விதி மற்றவர்களுக்கு என்று வைத்துக்கொண்டேன். இந்த வெள்ளைக் கல் பொடி உப்புத்தாளைவிட மோசமாகத் தேய்க்கும். நாலு வருஷமாக அதற்குள் கையை விட்டுப் பிசைந்திருக்கிறேன்.

ஆய்வுக்கூடத்துக்குப் போகிற பொடியில் கண்ணுக்குத் தெரியாத துகள் விழுந்தாலே போதும், டன்னுக்கு ஒரு கிராம் என்று வந்துவிடும். பெட்டிகளில் மிச்சமிருந்த பாதிக் கற்களை எடுத்து இடித்து, சமையல்காரரை வெறுங்கையால் கலக்கச் சொல்லி, வேறு எண் போட்டு, ரசீது கேட்டு எழுதிய கடிதம் வந்த ஜீப்பிலேயே அனுப்பினேன். நேற்றுப் பதில் வந்தது. செம்பு அப்படியே இருக்கிறது. தங்கம் இல்லை. எட்டுத் துளையிலும் இல்லை.

முகாம் தராசில் மோதிரத்தை வைத்தேன். மூன்று கிராம் தொள்ளாயிரம் மில்லி. உள்ளங்கைப் பக்கம் தகடாகிவிட்டது, நகத்தால் அழுத்தினால் வளைகிறது. நான் இல்லாதபோது செய்த அந்த இரண்டு துளைதான் நிஜம். என் கைராசி போய்விடுமோ என்று பயந்துதான் உன்னிடம் வராமல் இருந்தேன். நீ போட்டுவிட்ட மோதிரத்தையே மலைக்குள் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். இதை யாரிடம் சொல்லி அழுவது?

மேலாளரிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வருகிறார். ஒன்பதாவது துளைக்கு இடம் குறித்துத் தரச் சொல்லியிருக்கிறார். சொன்னால் முகாமை மூடிவிடுவார்கள், நான் வீட்டுக்கு வந்துவிடுவேன். உனக்குச் சந்தோஷம்தானே?

உன்
மலைக்காரன்

*

ஏப்ரல் 12

மலைக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகும் வழியில் நின்றபடியே படித்தேன். அழுகை வந்தது, பொய் சொல்லமாட்டேன். பாவம் என்று இருந்தது. மத்தியானம் லென்ஸ் தேய்க்கும்போதுதான் கோபம் வந்தது, நல்ல கோபம்.

எனக்குச் சந்தோஷமா என்று கேட்கிறீர்கள். மேலாளரிடம் சொல்லாமல் விட்டால் இன்னும் நாலு வருஷம் துளை போடுவீர்கள். சொன்னால் போக்கிடம் இல்லாமல் என்னிடம் வருவீர்கள். இதில் நான் எங்கே இருக்கிறேன்? முகாம் மூடினால் ஜீப், தராசு, பெட்டி எல்லாம் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும், அந்தக் கணக்கில் நீங்களும் இங்கே வருவீர்களா?

சொல்வதும் சொல்லாததும் உங்கள் பாடு. அதை என் தலையில் கட்டாதீர்கள். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். தங்கம் நிஜமாகவே இருந்திருந்தால், இந்த ஏப்ரலில் நீங்கள் வந்திருப்பீர்களா? என்னைக் குளிர்விக்க எழுத வேண்டாம். உள்ளதை எழுதுங்கள்.

முப்பதாம் தேதி வரை இந்த விலாசம். புதிய விலாசத்தைத் தருவதா வேண்டாமா என்று உங்கள் பதிலைப் பார்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
கண்ணாடிக்காரி

*

ஏப்ரல் 22

அன்புள்ளவளே,

மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "நாலு வருஷம் எல்லாரையும் கூட்டிக்கிட்டுச் சுத்துனீங்களேய்யா," என்றார், அவ்வளவுதான். துளைபோடும் ஆட்கள் நேற்றே போய்விட்டார்கள். கூடாரங்கள் இருந்த இடத்தில் சதுரம் சதுரமாக வெளுத்த புல். சாமான்களை இறக்கி முடிக்கும்வரை, மே பாதி வரைக்கும், சமையல்காரர் எனக்கு மட்டும் சமைக்க இருக்கிறார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

உன் கேள்விக்கு, "வந்திருப்பேன்" என்று மூன்று தடவை எழுதினேன். மூன்றையும் கிழித்துவிட்டேன். வந்திருக்கமாட்டேன். ஒன்பதாவது துளை முடியட்டும் என்று எழுதியிருப்பேன், பிறகு பத்தாவது. நீ காலி செய்த வீட்டு விலாசத்துக்கே எழுதிக்கொண்டிருந்திருப்பேன். இதுதான் உள்ளது.

துளை போடும்போது சில இடத்தில் கல் நொறுங்கி ஒன்றுமே மேலே வராது. பெட்டியில் அந்த இடத்தில் ஒரு மரக்கட்டை வைத்து, இத்தனை மீட்டர் கிடைக்கவில்லை என்று எழுதிவைப்போம். கிடைக்காததைக் கிடைத்தது போல் நிரப்பக்கூடாது. அந்த ஒரு விதியையாவது இப்போது காப்பாற்றுகிறேன். நாலு வருஷம், உனக்குக் கிடைக்கவில்லை.

மோதிரத்தை ஒரேயடியாகக் கழற்றிவிட்டேன், சோப்புக்கூடத் தேவைப்படவில்லை. அதை வைத்துக்கொள்ளும் யோக்கியதை எனக்கு இல்லை. நீ புதிய விலாசம் எழுதினால் தபாலில் அனுப்பிவிடுகிறேன். புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடு.

மலைக்காரன்

*

ஏப்ரல் 29

மலைக்காரருக்கு,

நீங்கள் எழுதியதிலேயே எனக்கென்று எழுதிய கடிதம் இதுதான். படித்துவிட்டு வெகுநேரம் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வலிக்கிறது. வலித்தால் வலிக்கட்டும்.

நாளைக் காலை லாரி வருகிறது. புதிய வீடு கடைக்கு இரண்டு தெரு தள்ளி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், இரண்டாவது மாடி, பதினான்காம் எண். ஓர் அறைதான். விலாசம்தான் தருகிறேன், வேறு எதுவும் சொல்லவில்லை. உங்கள் புத்தகங்களையும் கட்டிவிட்டேன், லாரியில் வருகின்றன.

மோதிரத்தைத் தபாலில் அனுப்ப வேண்டாம். அவ்வளவு மெல்லிசான பொருள், வழியில் தொலைந்துபோகும்.

கண்ணாடிக்காரி